இரவல் நாடி

எப்சி டாக்டரம்மாவின் இதயம் நின்றுபோனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி சுமாருக்கு என்று உப்புக்கிடங்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்றைக்குக் கால்வாய்த் தண்ணீர் என்ன நிறத்தில் ஓடியது, எந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வராமல் போனது, மீன்கடைப் பரிபூரணம் எந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள் என்பதுவரை சொல்வார்கள். ஆனால் அதை ஓர் அதிசயமாகச் சொல்ல மாட்டார்கள், பக்கத்துத் தெருவில் டிரான்ஸ்பார்மர் வெடித்து நாலு நாள் அடுத்த வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக்கொண்டதைச் சொல்வது போலத்தான் சொல்வார்கள்.

வடசென்னையில் கால்வாய்க்கும் சரக்கு ரயில் பாதைக்கும் நடுவே நெருக்கியடித்துக் கிடக்கும் நாலு தெருவுக்குத்தான் உப்புக்கிடங்கு என்று பெயர். ஒரு காலத்தில் படகில் வந்த உப்பைக் குவித்து வைத்த இடம் அது, பிறகு உப்பு போய்விட்டது, உப்பு சுமந்தவர்கள் இருந்துவிட்டார்கள். மூன்றாவது தெரு முனையில், ஓடு போட்ட ஒற்றை அறையில், ஹெப்சிபா என்ற பெயரை யாரும் முழுதாகச் சொல்லாததால் எப்சி ஆகிவிட்ட அந்த டாக்டரம்மா, எழுபத்தொரு வயதில், பரிபூரணத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார். கரண்ட் போனதும் ஃபேன் இரண்டு சுற்று சும்மா சுற்றிவிட்டு நிற்குமே, அதுபோல அவருடைய நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒன்று நின்றது. அவர் கையை எடுத்தார். அறையின் மூலைகள் இருட்டிக்கொண்டு வந்தன. மறுபடி பரிபூரணத்தின் மணிக்கட்டைப் பிடித்தார். வெளிச்சம் திரும்பியது, நெஞ்சுக்குள் ஏதோ அடிக்கத் தொடங்கியது. ஸ்டெதாஸ்கோப்பைத் தன் மார்பில் வைத்து ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினார், தொண்ணூற்றிரண்டு. பரிபூரணத்தின் நாடியை எண்ணினார், அதுவும் தொண்ணூற்றிரண்டு.

"பரிபூரணம், கொஞ்சம் அப்படியே இரு."

"இன்னாம்மா, சீரியஸா?"

"உனக்கு ஒண்ணுமில்லை. ரத்தம் கம்மி, அதான் கிறுகிறுப்பு. எனக்குத்தான் நெஞ்சு நின்னு போச்சு."

பரிபூரணம் சற்று யோசித்தாள். "அப்ப நான் இங்கியே குந்திகினு இருக்கவா?"

"இரு. மீனு கெட்டுப்போகாதா?"

"ஐஸ் போட்டுட்டுத்தான் வந்தேன்."

அன்றைக்கு மீதமிருந்த பத்தொன்பது பேரையும் டாக்டரம்மா தன் தோளில் இன்னொருவர் கை இருக்கவே பார்த்து முடித்தார். சீட்டு எழுதினார், ஊசி போட்டார், மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவனைத் திட்டினார். முப்பது வருஷமாக அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கும் கனகவல்லிதான், பத்தாவது ஆள் போனபிறகு, "பரிபூரணம் எதுக்கு இன்னும் போகாம நிக்கிறா?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, "நீ போய்ச் சாப்ட்டு வா பரிபூரணம், நான் புடிச்சிக்கறேன்" என்று இன்னொரு தோளில் தன் கையை வைத்தாள். இப்படித்தான் முதல் மாற்று நடந்தது.

டாக்டரம்மா உப்புக்கிடங்குக்கு வந்ததே மூன்று வார வேலைக்குத்தான். வாந்திபேதி பரவிய ஒரு கோடையில், பாளையங்கோட்டையிலிருந்து படித்து முடித்து வந்த இருபத்தொன்பது வயதுப் பெண்ணாக, மருத்துவ முகாமின் வேனில் மற்ற நாலு பேரோடு வந்து இறங்கினார். முகாம் முடிந்து வேன் கிளம்பியபோது, இன்னும் இரண்டு பேருக்கு குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது, அது முடிந்ததும் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார், அந்த பஸ்ஸை அவர் நாற்பத்திரண்டு வருஷமாகப் பிடிக்கவில்லை. எந்தக் கைப்பம்பிலிருந்து பேதி வருகிறது என்று வீடு வீடாகக் கேட்டுக் கண்டுபிடித்து, அதன் கைப்பிடியில் சிவப்பு பெயிண்ட் அடித்து, புதுக் குழாய் போடும்வரை நடுரோட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வைத்தியம் பார்த்தவர் அவர். டீக்கடை வாசலில் காலை ஆறு மணிக்கு நின்று, காசநோய்க்காரர்கள் ஒவ்வொருவரும் மாத்திரையை விழுங்கி வாயைத் திறந்து காட்டிய பிறகே அவர்களை டீ குடிக்கவிட்டவர் அவர். இடுப்பளவு மழைத் தண்ணீரில் பிரசவப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தவர், பிரசவம் ஆன வீட்டிலேயே கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனவர். அந்த நாலு தெருவிலும் அவர் விரல் பட்டு எண்ணாத மணிக்கட்டு ஒன்றுகூடக் கிடையாது. அதனால் இப்போது அவருக்கு ஒரு நாடி வேண்டியிருக்கிறது என்றபோது, ஏன் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. எப்போது வரவேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

மகளிர் குழுவின் நோட்டில் முறை எழுதினார்கள். விதிகளை டாக்டரம்மாவே சொன்னார்: பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் கூடாது, பிள்ளைத்தாய்ச்சிகள் கூடாது, ஒருத்தர் ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது. தூங்கும் நேரத்துக்கு நாலு பேர், விடியலுக்கு மார்க்கெட்டுக்குப் போகாத ஒருத்தர், காலை வைத்தியத்துக்கு நின்றுகொண்டே இருக்கத் தெம்புள்ளவர், மாலைக்குத் தையல்கார முபாரக் பாய், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் சில நாள் காலை வைத்தியத்துக்கும் ஆட்டோக்கார தணிகாசலம். சாவு ஊர்வலம் எந்த வழியாகப் போவது என்ற சண்டையில் ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத முதல் தெருவும் நாலாம் தெருவும் ஒரே பக்கத்தில் பெயர் எழுதின. முதல் தெருக்காரர் கையை எடுப்பதற்குமுன் நாலாம் தெருக்காரர் கையை வைக்க வேண்டியிருந்ததால், ஒரு விநாடியாவது இரண்டு கையும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. பத்தாவது நாள் ஒருவன், "உங்க கை இன்னா இப்டி சில்லுனு கீது" என்று கேட்டான். ஒன்பது வருஷத்துச் சண்டை அந்தக் கேள்வியில் முடிந்துபோனது.

இரவல் நாடிக்கு அதனதன் குணம் இருந்தது. தணிகாசலத்தின் நாடி ஓடும்போது டாக்டரம்மாவுக்குப் பொறுமை போய்விடும், நோயாளி சொல்லி முடிப்பதற்குள் சீட்டு எழுதிவிடுவார். முபாரக் பாயின் நாடியில் குரல் தணிந்து, ஒவ்வொருவரிடமும் வீட்டு விவரமெல்லாம் நிதானமாகக் கேட்பார். அதனால் சனங்கள் தங்கள் நோய்க்கு ஏற்றபடி நேரம் பார்த்து வரத் தொடங்கினார்கள், சீக்கிரம் போகவேண்டியவர்கள் தணிகாசலத்தின் முறைக்கும் மனசு சரியில்லாதவர்கள் முபாரக் பாயின் முறைக்கும். அதோடு, வெளியிலிருந்து கேட்டுப் பிடிபடாததெல்லாம் இப்போது அவருக்கு உள்ளேயே தெரிந்தது. துப்புரவு வேலை செய்யும் அற்புதம் கை வைத்த மூன்றாம் நிமிஷமே, "உனக்கு வால்வு ஒண்ணு சரியா மூடலை அற்புதம், மாடி ஏறினா மூச்சு வாங்குதா?" என்றார். அற்புதம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு, தைத்த மார்போடு திரும்பி வந்து, மறுபடி முறையில் பெயர் எழுதினான். குடித்துவிட்டு வந்தவனிடம், "நேத்து நீ குடிச்சதுக்கு இன்னிக்கு எனக்குத் தலை சுத்துதுல்லா" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அதன்பிறகு முறைக்கு முந்தின நாள் உப்புக்கிடங்கில் யாரும் குடிப்பதில்லை என்று ஆயிற்று. நானூறு பேர் முறை எழுதியிருந்ததால் யாருக்கு எப்போது அவசர முறை வரும் என்று தெரியாமல், பலர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். டாக்டரம்மாவுக்குக் கொடுக்கிற நாடி என்று பெண்கள் கருவாட்டில் உப்பைக் குறைத்தார்கள்.

உப்புக்கிடங்கு ஆட்கள் தலை நிமிர்ந்து நடக்க ஆரம்பித்ததும் அப்போதுதான். மார்க்கெட்டில் யாராவது "எந்த ஏரியா?" என்று கேட்டால், முன்பெல்லாம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் என்று மழுப்புகிறவர்கள், "உப்புக்கிடங்கு" என்று முழுசாகச் சொல்லிவிட்டு, "நேத்து எங்க டாக்டரம்மா நெஞ்சுல ரெண்டு மணி நேரம் ஓடினது என் நாடி" என்று சேர்த்துக்கொண்டார்கள். பாளையங்கோட்டையிலிருந்து டாக்டரம்மாவின் தங்கை போன் செய்து, இங்கேயே வந்துவிடு என்று அழுதபோது, "அங்க வந்தா உன் ஒரு கைதானே இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எட்டு மாதம் கழித்து, நாடி இல்லாத ஒருவர் வைத்தியம் பார்க்கிறார் என்ற செய்தி எப்படியோ எட்டி, சுகாதார அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி துணிப்பையில் ஃபைலோடு வந்தார். வரிசையில் உட்கார்ந்து, தன் முறை வந்ததும் உள்ளே போய், டாக்டரம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"இருக்கேம்மா."

"அது இவனோடது" என்று தோளில் கை வைத்து நின்ற தணிகாசலத்தைக் காட்டினார் டாக்டரம்மா. தணிகாசலம் கையை எடுத்தான், நாடி நின்றது. வைத்தான், வந்தது. அதிகாரி இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். அவருடைய படிவத்தில், மருத்துவர் உயிருடன் உள்ளாரா என்று ஒரு கேள்வி இருந்தது.

"இதுக்கு என்னம்மா எழுத?"

"இங்க இருந்த டாக்டர் செத்தாச்சுன்னு எழுதுங்க."

"எதிர்ல உட்கார்ந்து பேசிக்கிட்டு இருக்கிறவங்களை எப்படிம்மா எழுதறது?"

"அப்படி எழுதினாத்தான் சார் இன்னொருத்தரைப் போடுவீங்க. வருஷா வருஷம் மனு கொடுக்கேன், இந்த ஏரியாவுக்கு ஒரு சுகாதார நிலையம் வேணும்னு. உங்க ஃபைல்லதான் இருக்கும்."

அதிகாரி ஃபைலைப் புரட்டினார். இருந்தது. பழைய தாள்கள் பழுப்பாகி ஓரம் உடைந்திருந்தன. அவர் வெகுநேரம் யோசித்து, நேர்மையான மனிதர் என்பதால் பொய்யும் எழுதாமல், "மருத்துவர் உயிருடன் உள்ளார், நாடித்துடிப்பு உண்டு, எனினும் அது அவருடையது அல்ல, ஆகவே பணியிடம் காலியாக உள்ளதாகக் கருதலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது வாசலில் நின்று, "எனக்கும் ஒரு முறை கிடைக்குமா?" என்று கனகவல்லியிடம் கேட்டார். "ஏரியா ஆளுங்களுக்கு மட்டும்தான் சார்" என்று சொல்லிவிட்டாள் அவள்.

அந்த அறிக்கைக்குப் பலன் இருந்தது. நாலு மாதத்தில் கடிதம் வந்தது: உப்புக்கிடங்குக்கு ஒரு சுகாதார நிலையமும் நிரந்தர மருத்துவரும் அனுமதிக்கப்படுகிறது, வாலிபர் சங்கத்துக் கொட்டகை நிற்கும் புறம்போக்கு இடத்தில் கட்டலாம், அங்கு வசிப்போர் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்திட்டு அறுபது நாளுக்குள் அனுப்பவேண்டும். தபால்காரரிடமிருந்து கடிதத்தை வாங்கியது கனகவல்லி. அவள் அதை இரண்டு தடவை படித்தாள், பிறகு பஞ்சு டப்பாவைத் திறந்து, பஞ்சுச் சுருளுக்கு அடியில் வைத்து மூடினாள்.

நாற்பது நாள் அது அங்கேயே இருந்தது. அந்த நாற்பது நாளும் கனகவல்லி தன் முறையில் டாக்டரம்மாவின் தோளில் கை வைக்கத்தான் செய்தாள். தபால்காரரின் சைக்கிள் தெருவில் திரும்பும்போதெல்லாம் டாக்டரம்மாவின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

"கனகா, தபால்காரர் போறப்பெல்லாம் உன் நெஞ்சு எதுக்கு இப்படி ஓடுது?"

"வெயிலும்மா."

"அது எனக்குள்ள அடிக்குது கனகா. வெயிலுக்கு அடிக்கிறது எப்படி இருக்கும், பொய்க்கு அடிக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

கனகவல்லி கையை எடுக்காமலேயே மற்றக் கையால் பஞ்சு டப்பாவை இழுத்தாள். டாக்டரம்மா கடிதத்தைப் படித்தார். இத்தனை வருஷமாகக் கேட்டது ஒரு பக்கத்தில் இருந்தது. அவர் அதை மடித்து மேசைமேல் வைத்தார், கோபப்படவில்லை.

"ஊர்ல யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும்."

"ஏன் இப்படிச் செஞ்ச?"

"நீங்க அதுக்காகத்தாம்மா இருக்கீங்க" என்றாள் கனகவல்லி. "நெஞ்சு நின்னப்பறமும் குந்திகினு இருக்கீங்கன்னா அது எதுக்குன்னு எங்களுக்குத் தெரியாதா? புது டாக்டரு வந்துட்டா எங்க கைய ஒதறிட்டுப் போயிடுவீங்க."

டாக்டரம்மா பொய் சொல்லிப் பழகாதவர். மடித்த கடிதத்தை மறுபடி பிரித்து, அறுபதில் மிச்சம் எத்தனை நாள் என்று எண்ணினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவர் நேராக வாலிபர் சங்கத்துக் கொட்டகைக்கு வந்து எல்லோரையும் வரச்சொன்னார். நாலு தெருவும் வந்தது, உள்ளே இடமில்லாமல் ரயில் பாதை ஓரம்வரை நின்றார்கள். கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு, யார் முதலில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று கேட்டார். ஒருத்தரும் அசையவில்லை. பேனா இல்லை என்றார் ஒருவர். கட்டைவிரலில் வெட்டுக்காயம் என்றார் இன்னொருவர். சங்கத்துத் தலைவன் என்ற முறையில் தணிகாசலம், "இங்க ஆஸ்பத்திரி கட்டிட்டா கேரம் போர்டை எங்கம்மா வெக்கிறது?" என்றான்.

"கேரம் போர்டுக்காகவா வேண்டாங்கிற?"

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டான். "இல்லம்மா. நீங்க கீறீங்கல்ல, எங்களுக்கு அது போதும்."

"அதைத்தான் அவங்களும் சொன்னாங்க" என்றார் டாக்டரம்மா. முபாரக் பாயின் கை அவர் தோளில் இருந்தது, அதனால் குரல் நிதானமாக வந்தது. "ஒவ்வொரு தடவை நான் மனு கொடுக்கும்போதும் ஃபைலை எடுத்துப் பாத்துட்டு, அங்கதான் ஒரு அம்மா இருக்காங்களே, பிறகு எதுக்கு டாக்டர்னு மூடி வச்சிருக்காங்க. நானும் அதைக் கேட்டுட்டு மனசுக்குள்ள கொஞ்சம் பெருமைப்பட்டுக்கிட்டுத்தான் திரும்பி வந்திருக்கேன். சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. நான் ஒருத்தி இருந்ததுனாலதான் உங்களுக்கு டாக்டர் இல்லாமப் போச்சு."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா" என்றார் முபாரக் பாய், காதோரமாக.

"சொல்லணும் பாய். என் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் நாலு நாள் ஊருக்குப் போனேன், எண்பத்தொம்பதுல. இந்த நாப்பத்துமூணு வருஷத்துல அந்த நாலு நாள்தான் நான் இங்க இல்லை." அவர் கடிதத்தை மடித்தார். "அப்ப என்ன நடந்துச்சுன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நான் சொல்ல மாட்டேன்."

அவர் சொல்லாததைக் கூட்டத்தின் நடுவிலிருந்து பரிபூரணம் சொன்னாள். எழுந்து நின்று, யாரையும் பார்க்காமல், தொண்டை அடைப்பான் வந்து தன் ஆறு வயது மகள் கஸ்தூரி மூச்சுக்குத் திணறியதை, வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடத் தோன்றாமல், டாக்டரம்மா நாளைக்கு வந்துடுவாங்க, நாளைக்கு வந்துடுவாங்க என்று பூட்டிய கதவுக்கு முன்னால் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். அவள் அதை வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை. டாக்டரம்மா ஊரிலிருந்து வந்தபோது வாசலில் பிள்ளையின் செருப்பு மட்டும் கிடந்தது என்றாள். பிறகு முன்னால் வந்து, "அந்தக் காயிதத்தக் குடுங்க" என்று வாங்கி, மை ஒற்றும் பெட்டியில் கட்டைவிரலை அழுத்தி, தாளின் தலைப்பக்கத்தில் வைத்தாள்.

"ஒரே ஆளை நம்பினு இருக்கறது இன்னான்னு எனக்குத்தான் தெரியும்" என்றாள். "வாங்க, போடுங்க."

வந்தார்கள். தணிகாசலம் இரண்டாவதாகப் போட்டான். கனகவல்லி கடைசியாகப் போட்டாள், அவள் கையெழுத்து மட்டும் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. அன்று சாயங்காலமே வாலிபர்கள் கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டுபோய் முபாரக் பாயின் கடைக்குள் சாத்தி வைத்தார்கள்.

கட்டடம் எழும்ப பத்து மாதம் ஆனது. லிண்டல் மட்டத்துக்கு வந்தது, தளம் போட்டார்கள், ஜன்னலுக்குக் கம்பி வைத்தார்கள், ஒவ்வொன்றும் டாக்டரம்மாவின் நாளைக் கிட்டே கொண்டுவருகிறது என்று தெரிந்தும் யாரும் ஒரு நாள்கூடத் தாமதப்படுத்தவில்லை. லாரி உள்ளே வர முடியாத சந்தில் செங்கல்லைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். டாக்டரம்மா தினமும் மாலையில் யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, பிரசவ அறைக்குக் காற்று வருமா, நோயாளி உட்காரும் இடத்தில் நிழல் விழுமா என்று மேஸ்திரியிடம் கேட்டுவிட்டுப் போவார். செய்தி பரவி, உப்புக்கிடங்கில் பிறந்து எண்ணூருக்கும் செங்குன்றத்துக்கும் குடிபோனவர்கள்கூட, நாங்களும் ஏரியா ஆட்கள்தான் என்று முறை கேட்டு வந்தார்கள். கனகவல்லி அவர்களை விரட்டவில்லை, இரண்டு மணி நேரத்தைப் பதினைந்து நிமிஷமாகக் குறைத்து எல்லோருக்கும் இடம் கொடுத்தாள். கட்டடம் முடிவதற்குள் டாக்டரம்மாவின் நெஞ்சில் ஆயிரத்துச் சொச்சம் பேரின் நாடி ஓடியிருந்தது. வாழ்க்கையில் தனக்கு இவ்வளவு உடம்பு நன்றாக இருந்ததே இல்லை என்று அவர் சொன்னார்.

புது டாக்டர் பூங்கோதை, அரூர்ப் பக்கத்துப் பெண், முதல் வேலை, ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து உட்கார்ந்தாள். டாக்டரம்மா மற்றவர்களைப் போலவே டோக்கன் வாங்கினார். முப்பத்தேழு. முன்னால் போங்கம்மா என்று வழிவிட்டவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, வரிசையில் காத்திருந்து, தன் எண் வந்ததும் தணிகாசலத்தோடு உள்ளே போனார்.

"என்னம்மா செய்யுது?" என்று கேட்டாள் பூங்கோதை, நிமிர்ந்து பார்க்க நேரமில்லாமல்.

"நெஞ்சு ஒண்ணும் செய்யலை. அதைக் காட்டலாம்னுதான் வந்தேன்."

பூங்கோதை அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். டாக்டரம்மா தணிகாசலத்தைப் பார்த்து, "நீ கைய எடு" என்றார். அவன் எடுக்கவில்லை. அவர் இன்னொரு தடவை பார்த்தார். அவன் விரல் விரலாக எடுத்தான், எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றான். பூங்கோதை கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டே இருந்தாள். நாடி நிற்கவில்லை. அதுவரை அந்த நெஞ்சில் ஓடாத ஒரு நாடி, வேகமான, பயந்த, இளம் நாடி, டாக்டரம்மாவின் நெஞ்சுக்குள் ஓடத் தொடங்கியிருந்தது.

"நூத்திநாலு இருக்கும்மா. கொஞ்சம் அதிகம்" என்றாள் பூங்கோதை.

"முதல் நாள்ல அப்படித்தான் இருக்கும். மத்தியானத்துக்குள்ள தொண்ணூறுக்கு வந்துரும்" என்றார் டாக்டரம்மா. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைத் தான் பார்த்ததேயில்லை என்று தணிகாசலம் பிறகு எல்லோரிடமும் சொன்னான்.

வெளியே வந்து, காத்திருப்பவர்களுக்காகப் போட்டிருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். வலப்பக்கம் தணிகாசலம், இடப்பக்கம் கனகவல்லி, ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளேயிருந்து ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடும் குரல் வந்தது. உப்புக்கிடங்கில் நோயாளியை வேறொருவர் கூப்பிடுவதை அவர் முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லாக் கூப்பிடுது அந்தப் பொண்ணு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "போதும், கைய எடுங்க" என்றார்.

"இன்னும் கொஞ்ச நேரம்மா" என்றாள் கனகவல்லி.

"சரி. முப்பத்தொம்பது போய்ட்டு வரட்டும்."

முப்பத்தொன்பது ஒரு கைக்குழந்தைக்காரி, உள்ளே போய் வெளியே வந்தாள். குழந்தை அழாமல் வந்தது. தணிகாசலம் கையை விட்டான். கனகவல்லி தான் பிடித்திருந்த கையை இரண்டு கையாலும் ஒருமுறை அழுத்திவிட்டு, டாக்டரம்மாவின் மடியில் பத்திரமாக வைத்துவிட்டு, தன் கைகளை எடுத்துக்கொண்டாள்.

அப்போது உப்புக்கிடங்கில் எல்லோருக்கும் ஒரு துடிப்பு விட்டுப்போனது. மீன் வெட்டிக்கொண்டிருந்த பரிபூரணத்தின் கத்தி பாதியில் நின்றது. சரக்கு யார்டில் மூட்டை தூக்கியவர்கள் தூக்கிய நிலையிலேயே நின்றார்கள். தெருக் கூட்டிக்கொண்டிருந்த அற்புதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விளக்குக் கம்பத்தில் சாய்ந்தான், எண்ணூரிலும் செங்குன்றத்திலும் சமைத்துக்கொண்டிருந்த பெண்கள் அடுப்பை அணைத்தார்கள். உள்ளே சீட்டு எழுதிக்கொண்டிருந்த பூங்கோதையின் பேனாவும் ஒரு கணம் நின்றது, அவள் தன் மார்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு எல்லோருக்கும் அடுத்த துடிப்பு வந்தது, கதவை ஓங்கித் தட்டினாற்போல, எப்போதையும்விடப் பலமாக.

பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து கூட ஆரம்பித்தார்கள். யாரோ அழுதார்கள், யாரோ ஓடிப்போய்த் தெருவுக்குச் சொல்லப் பார்த்தார்கள். கனகவல்லி டாக்டரம்மாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் துடைக்காமலேயே வரிசையைப் பார்த்தாள்.

"நாப்பது யாரு?" என்றாள். "எழுந்து போங்க. அம்மாவ பக்கத்துல வெச்சிக்கினு வரிசைய நிறுத்தாதீங்க."

நாற்பது முபாரக் பாய். அவர் தோள் துண்டால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தார், செருப்பை வாசலில் விட்டார், உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து தன் கையை நீட்டினார்.